பைக் வீல் பேலன்சிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்துறைக்கும் விஜயமங்கலத்துக்கும் நடுவில், சேலம் - கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் டயர் பட்டறை இருக்கிறது. இதை ஆரம்பிப்பதற்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பேலன்ஸ் பார்க்கும் வேலையில் பல வருஷம் இருந்தேன். பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வேலை நடக்கும்போது நின்று நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீல் பேலன்சிங் என்றால் என்னங்க?

ரிம், டயர், டியூப், டிஸ்க் எல்லாம் சேர்ந்ததுதான் வீல். இதில் எதுவுமே சுற்றிலும் ஒரே எடையில் இருப்பதில்லை. வால்வு இருக்கும் இடம் கொஞ்சம் கனம். டயர் செய்யும்போது ரப்பர் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டிய இடம் கனம். அலாய் வீல் என்றால் வார்ப்பிலேயே ஒரு பக்கம் கூடக் குறைய இருக்கும். இந்தக் கனமான பக்கத்துக்கு நேர் எதிரே சின்ன எடையை ஒட்டி, இரண்டு பக்கத்தையும் சமன் செய்வதுதான் பேலன்சிங்.

தோட்டத்தில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது சீக்கிரம் புரியும். இம்பெல்லரில் ஒரு பக்கம் தேய்ந்துவிட்டால் பம்பு செட் முழுக்க உதறும், பைப்பில் கை வைத்தால் விரல் கூசும். வீலிலும் நடப்பது அதேதான்.

இருபது கிராம் எடை என்ன பெரிசா செஞ்சுடும்?

நின்றுகொண்டிருக்கும்போது ஒன்றும் செய்யாது. சுற்ற ஆரம்பித்தால்தான் அதன் வேலை தெரியும். 17 அங்குல ரிம்மின் ஓரத்தில் 20 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது வீலை வெளிப்பக்கமாக இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 600 கிராம். 80 கிலோமீட்டரில் அதே 20 கிராம் சுமார் 2 கிலோ 400 கிராம் அளவுக்கு இழுக்கும். 100-ல் கிட்டத்தட்ட 3¾ கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு, அதுதான் கணக்கு.

அந்த இழுப்பும் ஒரே பக்கமாக நிற்பதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வீல் விநாடிக்கு ஏறக்குறைய 12 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் வீலை ஒரு தடவை மேலே தூக்கி, ஒரு தடவை கீழே அடிக்கிறது. ஊருக்குள் 40-ல் ஓட்டும்போது தெரியாத உதறல் செங்கப்பள்ளி தாண்டி ஆறுவழிச் சாலையில் ஏறியதும் கைப்பிடியில் தெரிவது இதனால்தான்.

உதறல் வீலில் இருந்துதான் வருதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

எங்களிடம் பேலன்சிங் கேட்டு வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு உண்மையில் வேறு ஏதோ கோளாறு இருக்கும். அதனால் முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள்.

பின்னால் வண்டி எதுவும் வராத நேரான ரோட்டில், உதறும் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை விட்டுக் கிளட்சைப் பிடியுங்கள். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிவிடும், வண்டி அதே வேகத்தில் உருளும். அப்போது உதறல் நின்றுவிட்டால் அது எஞ்சின் அதிர்வு. எஞ்சின் மவுண்டிங் போல்ட் பக்கம் பார்க்க வேண்டும். கிளட்சைப் பிடித்த பிறகும் உதறினால் வீல், டயர், பேரிங் பக்கம் வாருங்கள்.

கைப்பிடியில் தெரிந்தால் பெரும்பாலும் முன் வீல். சீட்டிலும் ஃபுட் ரெஸ்டிலும் தெரிந்தால் பின் வீல். பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க் கோணியிருக்கலாம், டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். அதற்கு எத்தனை எடை ஒட்டினாலும் பயன் இல்லை. பேலன்ஸ் கோளாறுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆரம்பிக்கும், ஐந்து பத்து கிலோமீட்டர் கூட்டினால் உச்சத்துக்குப் போகும், சில வண்டிகளில் அதைத் தாண்டினால் கொஞ்சம் அடங்கும். ரோடு மாறினாலும் அந்த வேகம் மாறாது.

"ரெண்டு கையையும் விட்டுப் பார்த்தேன் அண்ணா, ஹேண்டில் பார் ஆடுது" என்று பையன்கள் வந்து சொல்கிறார்கள். தயவு செய்து அந்தச் சோதனை வேண்டாம். கையை விட்டால் ஆடுவது பெரும்பாலும் கோன் செட் (ஹேண்டில் பார் திரும்புகிற இடத்தில் இருக்கும் பேரிங்) தளர்ந்திருப்பதாலோ முன் டயர் ஒருமாதிரி தேய்ந்திருப்பதாலோதான். அதைக் கண்டுபிடிக்க ரோட்டுக்கே போக வேண்டியதில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் வீலைத் தரையிலிருந்து தூக்கி, முன் வீலைத் தாங்கும் போர்க்கின் அடிப்பாகத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடக் கடக் என்று கைக்குத் தட்டுப்பட்டால் கோன் செட் தளர்ச்சி. ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் குழியில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட் மாற்ற வேண்டும்.

ஆடி மாசம் தாராபுரம் ரோட்டில் போனா வண்டி தள்ளாடுது. பேலன்சிங் பண்ணினா சரியாகுமா?

ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், குண்டடம், தாராபுரம் பக்கம் குறுக்கே அடிக்கிறது. அந்தக் காற்றை நம்பித்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. குறுக்குக் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும், விட்டு விட்டு அடிக்கும். பேலன்ஸ் கோளாறு சீராக, வேகத்துக்குத் தகுந்த மாதிரி உதறும். கைக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியும். காற்றடிக்கும் நாளில் வேகத்தைக் குறையுங்கள், கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் உங்கள் உடம்பில் படுகிற காற்றும் கை வழியாக ஹேண்டில் பாருக்குப் போய்விடும்.

எடை ஒட்டுறதுக்கு முன்னாடி என்னென்ன பார்ப்பீங்க?

எங்கள் பட்டறையில் எடை ஒட்டுவது கடைசி வேலை. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். 150 சிசி வண்டி, அலாய் வீல், புது முன் டயர். வேறொரு இடத்தில் 70 கிராம் ஒட்டியிருந்தார்கள். ஒட்டி ஒரு மாதம் கூட ஆகவில்லை, முன்னைவிட அதிகமாக உதறுகிறது என்றார். வீலைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அலாய் கைகளின் பின்பக்கம் வாய்க்கால் மாதிரி குழிவாக இருக்குமில்லையா, அதில் இரண்டு குழியில் செம்மண் அப்பிக் காய்ந்து, உளி வைத்தால்தான் வரும் என்கிற அளவுக்கு இறுகியிருந்தது. தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் மண் பாதை) மழைக்காலச் சேற்றில் தினமும் ஓட்டுகிறாராம். எடை ஒட்டியவர்கள் அந்த மண்ணையும் சேர்த்தே பேலன்ஸ் செய்துவிட்டார்கள். அப்புறம் ஒரு நாள் வண்டி கழுவியபோது மூன்றாவது குழியில் இருந்த மண் கட்டியாக விழுந்துவிட்டது, எடை மட்டும் அங்கேயே நின்றது. மண்ணை முழுக்கச் சுரண்டி, 70 கிராமையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், அந்த வீலுக்குத் தேவைப்பட்டது 10 கிராம்தான்.

அதனால் முதல் வேலை கழுவுவது. ரிம்மின் உட்பக்கம், அலாய் கைகளின் குழி, ஹப் ஓரம் எல்லாம்.

இரண்டாவது, டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது. டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். ரிம்மிலிருந்து அந்தக் கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஒரு இடத்தில் உள்ளே போய் மறைந்தால் அந்த இடத்தில் டயர் ஏறவில்லை என்று அர்த்தம். காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி காற்று பிடித்தால் டப்பென்று சத்தத்தோடு உட்காரும்.

மூன்றாவது, கோட்டம். வீல் வண்டியில் இருக்கும்போதே, பென்சிலையோ கம்பியையோ போர்க்கில் கட்டி, அதன் நுனி ரிம் ஓரத்தைத் தொடாமல் தொடுகிற மாதிரி வையுங்கள். வீலை மெதுவாகச் சுற்றினால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்குத் தெரியும். பல வண்டிகளின் சர்வீஸ் புத்தகத்தில் 2 மில்லிமீட்டர் வரை விடலாம் என்று இருக்கும். அது ஒரு தீக்குச்சி கனம். சில வண்டிகளுக்கு இன்னும் குறைவு. பக்கவாட்டில் ஆடுவது, மேலும் கீழும் ஏறி இறங்குவது இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஏறி இறங்கும் ரிம்மை எடை ஒட்டிச் சரி செய்ய முடியாது.

நான்காவது பேரிங். வீலை மேலும் கீழும் பிடித்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. மாற்றியே ஆக வேண்டும்.

அலாய் வீல் குழியில் விழுந்து விரிசல் விட்டிருக்கு. வெல்டிங் வைக்கலாமா?

விரிசல் இருந்தால் மாற்றுங்கள். வெல்டிங் வைத்து ஓட்டுவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். முன் வீல் என்றால் அதில் பேச்சுக்கே இடமில்லை.

கம்பி வீலுக்கு எப்படிப் பேலன்ஸ் பண்றது?

முதலில் கம்பிகளைத் தட்டிப் பாருங்கள். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே போனால் இறுக்கமாக இருப்பது ‘டிங்’ என்று மணி மாதிரி ஒலிக்கும், தளர்ந்தது ‘டொக்’ என்று செத்த சத்தம் போடும். காது பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே தளர்ந்த கம்பியைச் சொல்லலாம். ஆனால் சத்தம் செத்த கம்பியை மட்டும் பிடித்து இறுக்கிவிடாதீர்கள். ஒரு பக்கம் இறுக்கினால் ரிம் அந்தப் பக்கம் சாயும். ஏற்ற இறக்கத்தை முதலில் எடுத்து, அப்புறம் பக்கவாட்டுக் கோட்டம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நிப்பிளை (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டு) கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. பழைய புல்லட் வீல்களை நாள் முழுக்க உட்கார்ந்து கோட்டம் எடுக்கிற மெக்கானிக்குகள் ஈரோட்டிலும் கோபியிலும் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்தப் பொறுமை உள்ளவர்களிடம் கொடுங்கள்.

கோட்டம் எடுத்த பிறகு, நிப்பிளை ஒட்டிக் கம்பியில் மாட்டும் எடைகள் கிடைக்கின்றன. அது கிடைக்காவிட்டால் ஈயக் கம்பியை ஸ்போக்கில் நெருக்கமாகச் சுற்றி, முறுக்கி, மேலே டேப் போடலாம். ரிம்மை ஒட்டி இருக்க வேண்டும். ஹப் பக்கம் நகர நகர அதன் பலன் குறையும்.

வீட்டிலேயே பண்ணலாமா?

தாராளமாகப் பண்ணலாம். 80, 90, 100 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்களுக்கு இந்த முறையே போதும். பம்பு கம்பெனியில் பெரிய மெஷின் வருவதற்கு முன்னால் சின்ன இம்பெல்லர்களை இரண்டு தண்டவாளத் துண்டு மேல் உருட்டிவிட்டுத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வீலுக்கும் அதே வழிதான்.

ஒரே உயரத்தில் இரண்டு ஹாலோ பிளாக், அல்லது இரண்டு ஸ்டூல். ஆக்சிலை வீலுக்குள் விட்டு இரண்டு முனையையும் அவற்றின்மேல் வையுங்கள். ஆக்சில் மட்டமாக இருக்க வேண்டும், ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வீலோடு சேர்ந்து சுற்றாத எதுவும் இருக்கக் கூடாது. டிரம் பிரேக் என்றால் பிளேட்டைக் கழற்றிவிடுங்கள், ஸ்பீடோமீட்டர் கியரையும் எடுத்துவிடுங்கள். டிஸ்க் சுற்றுகிற பொருள், அது இருக்கட்டும்.

இப்போது வீலை மெதுவாக ஒரு சுற்று விட்டு, கையை எடுங்கள். காற்று வீசாத இடமாக இருக்கட்டும். வீல் போகும், நிற்பது போல் தயங்கும், பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும். தொட்டில் ஓய்கிற மாதிரி ஓய்ந்து ஓய்ந்து நிற்கும். நின்றதும் அடியில் இருப்பதுதான் கனமான இடம். அதற்கு நேர் மேலே, உச்சியில், டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒரு தடவையோடு நம்பிவிட வேண்டாம். மூன்று நான்கு தடவை சுற்றிவிட்டு, ஒவ்வொரு தடவையும் அதே கோடு உச்சிக்கு வருகிறதா என்று பாருங்கள்.

வந்தால், கோட்டுக்கு நேரே ரிம்மில் 10 கிராம் எடையை இன்சுலேஷன் டேப் வைத்துத் தற்காலிகமாக ஒட்டுங்கள். பிறகு கோட்டைக் கடிகார முள்ளின் மூன்று மணி இடத்துக்குக் கொண்டுவந்து மெதுவாக விடுங்கள். கோடு மேலே ஏறினால் எடை போதவில்லை. கீழே இறங்கினால் அதிகம். விட்ட இடத்தில் அப்படியே நின்றால் சரி. அந்த நிலை வந்ததும் கோட்டை ஆறு மணி, ஒன்பது மணி, பன்னிரண்டு மணி என்று மாற்றி மாற்றி வைத்து, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு வீல் இப்படி விட்ட இடத்தில் அசையாமல் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

பேரிங் சீலின் இறுக்கத்தால் கடைசி ஐந்து கிராம் தெரியாமல் போகலாம். வீல் நின்றதும் ஆக்சிலை விரலால் லேசாகத் தட்டினால் ஒட்டிக்கொண்டு நின்ற வீல் தன் இடத்துக்கு நகரும்.

பத்து கிராம் அதிகம், ஐந்து குறைவு என்று இடையில் மாட்டிக்கொண்டால் ஒரு வழி உண்டு. இரண்டு 5 கிராம் எடைகளை எடுத்து, கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே தூரம் தள்ளித் தள்ளி வையுங்கள். விலக விலக அவற்றின் கூட்டுப் பலன் 10-லிருந்து குறைந்துகொண்டே வரும். வீல் நிற்கிற தூரத்தில் ஒட்டிவிடலாம்.

நிரந்தரமாக ஒட்டும்போது ரிம்மைத் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்யுங்கள். 20 கிராம் என்றால் வலது பக்கம் 10, இடது பக்கம் 10 என்று பிரித்து ஒட்டுவது நல்லது. கடைசியாக வீலை வண்டியில் மாட்டி ஒரு சுற்று கையால் சுற்றிப் பாருங்கள். எடை டிஸ்க் பிரேக்கின் கேலிப்பரிலோ போர்க்கிலோ உரசக் கூடாது.

40, 50 கிராமுக்கு மேல் கேட்டால் நிறுத்திவிடுங்கள். காற்றை இறக்கி, டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி பாருங்கள். பல சமயம் குறையும்.

புது டயரில் மஞ்சள் புள்ளி ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?

டயரின் கனம் குறைந்த இடத்துக்கு வைத்த அடையாளம். வால்வு இருக்கும் இடம் கனம் என்று சொன்னேனே, அதற்கு நேரே இந்தப் புள்ளி வருகிற மாதிரி மாட்டினால் இரண்டும் ஓரளவு சமனாகிவிடும். ஒட்ட வேண்டிய எடை குறையும். மாட்டும்போது பக்கத்தில் நின்று சொல்லுங்கள், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பஞ்சர் லிக்விட் ஊத்தியிருக்கேன். அதனால பேலன்ஸ் போகுமா?

போகும். வண்டி நிற்கும்போது லிக்விட் அடியில் தேங்கிவிடும். கிளம்பிய முதல் கொஞ்ச தூரம் உதறி, அப்புறம் அது பரவியதும் அடங்கினால் காரணம் இதுதான். நாள் ஆக ஆக உள்ளே கெட்டியாகி ஒரு பக்கம் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வயல் முள்ளுக்கு நடுவே தினமும் ஓட்டுகிறவர்களுக்கு லிக்விட்டால் நன்மை அதிகம், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு வேண்டாம். டியூப்லெஸ் டயரில் முள் குத்தினால் உள்பக்கம் பேட்ச் போட்டு, வீலை ஒரு தடவை பேலன்ஸ் பார்த்துவிடுங்கள்.

கார் டயர் கடை மெஷின்ல வைக்கலாமா?

பைக் வீலின் நடு ஓட்டை சின்னது, கார் மெஷினின் தண்டு அதில் நுழையாது. பைக்குக்கென்று தனி அடாப்டர் வைத்திருக்கிற கடையில் முடியும். 150 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான பின் டயர் என்றால் மெஷினில் பார்ப்பதே நல்லது. அகலமான வீலில் கனம் இடது ஓரத்திலா வலது ஓரத்திலா என்பதும் முக்கியம். ஸ்டூல் முறையில் அது தெரியாது.

எக்ஸெல் மொபெட் வண்டிக்கும் வேணுமா?

தேவையில்லை. தோட்டத்துக்கும் சந்தைக்கும் 40-ல் போய் வருகிற வண்டிக்குக் காற்றும் கம்பியும் பேரிங்கும் சரியாக இருந்தால் போதும். 100 சிசி வண்டியில் தினமும் ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் முன் வீலை மட்டுமாவது பார்த்துக்கொள்வது நல்லது.

காற்று எவ்வளவு வைக்கணும்?

உங்கள் வண்டியின் செயின் கவரிலோ பின் வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் அளவுதான். டயர் பக்கவாட்டில் போட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பிடிக்க வேண்டாம். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். வெயிலில் ஓடி வந்த டயரில் சில பி.எஸ்.ஐ. கூடவே காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கினால், ஆறிய பிறகு குறைவாகிவிடும். காற்று குறைந்த டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்து, பிறகு என்ன பேலன்ஸ் செய்தாலும் உறுமிக்கொண்டே இருக்கும்.

பால் கேன் கட்டினா வண்டி ஒரு பக்கமா இழுக்குதுங்க.

அது வீல் இல்லைங்க, பாரம். இரண்டு பக்கமும் ஒரே அளவு கேன் தொங்க வேண்டும். சொசைட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது காலிக் கேன்களையும் பக்கத்துக்கு ஒன்றாகவே மாட்டுங்கள். பாரமே இல்லாமலும் இழுத்தால் பின் வீல் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் நூல் கட்டிப் பார்க்க வேண்டும். செயின் அட்ஜஸ்டர் கோடுகளை மட்டும் நம்ப முடியாது.

புது டயர் மாட்டும்போது வேற என்ன கவனிக்கணும்?

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. அம்புக்குறி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் என் சொந்த வண்டிக்கே ஒரு கடையில் முன் டயரைத் திருப்பி மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். நானும் பார்க்காமல் ஓட்டினேன். முதல் மழையில் அவினாசி ரோட்டில் பிரேக் பிடித்தபோது வண்டி வழுக்கிக்கொண்டு போனது. விழவில்லை. அன்றைக்கு இறங்கி நின்று டயரைப் பார்த்தபோதுதான் அம்பு பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் மாட்டிய டயரின் அம்பை வண்டிக்காரருக்கு விரல் வைத்துக் காட்டாமல் வண்டியை வெளியே விடுவதில்லை.

ஒட்டின எடை விழுந்துட்டா எப்படித் தெரியும்?

பழைய வேகத்தில் பழைய உதறல் திரும்ப வரும். ரிம்மைத் தடவிப் பார்த்தால் பசை மட்டும் இருக்கும். எடை ஒட்டிய அன்றே, அதன் இரண்டு முனையிலும் ரிம்மில் பெயிண்ட் பேனாவால் சின்னக் கோடு போட்டு, எத்தனை கிராம் என்றும் பக்கத்தில் எழுதி வையுங்கள். விழுந்தாலும் அதே இடத்தில் அதே எடையை ஒட்டிக்கொள்ளலாம். டயர் மாற்றினால் அந்தக் கோட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஒட்டிய பிறகு ஒரு நாளைக்கு வாட்டர் சர்வீஸ் வேண்டாம், பசை பிடிக்கட்டும்.